சாளைக்குப் போன கணினியும் தட்டு வெட்டும் மெஷினும்

போன ஆடி மாதம் எங்கள் குழுவில் உள்ள பதினான்கு பேரின் ஒரு வருஷக் கணக்கு ஒரே நொடியில் போய்விட்டது. விதைத்த தேதி, விட்ட ஜீவாமிர்தம், விற்ற எடை என்று பிஜிஎஸ் சான்றுக்காகக் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். வங்கியில் முப்பத்தோரு வருஷத்தில் லெட்ஜரில் ஒரு பக்கம் தொலைத்தவன் இல்லை நான். தோட்டத்துக்கு வந்து தொலைத்தேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

வீட்டிலிருந்து 300 அடி தள்ளி, களத்து மேட்டில் சாளை இருக்கிறது. விதை மூட்டையும் தராசும் அங்கேதான். குழுவினர் வந்து உட்காருவதும் அங்கேதான். அதனால் வீட்டுக் கணினியை அங்கே கொண்டுபோனேன். சாளையில் பிளக் பாயிண்ட் கிடையாது. வீட்டிலிருந்து 1 சதுர மி.மீ. வயரை வேலி ஓரமாக இழுத்து, முனையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை மாட்டினேன். சோளத்தட்டு வெட்டும் ஒரு குதிரைத்திறன் மெஷினையும் அதே பெட்டியில் சொருகினோம். நான் கணக்கைச் சேமித்துக் கொண்டிருந்தபோது வெளியே தட்டு வெட்ட மெஷினைப் போட்டார்கள். திரை அணைந்து திரும்ப வந்தது. கோப்பு திறக்கவே இல்லை.

கரண்ட் சரியில்லை என்று திட்டினேன். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் தம்பி சிரித்தார். “ஏனுங் சார், கரண்டு என்னங்க பண்ணும்? ஒத்த வயித்துக்குப் போற வாய்க்கால்ல ரெண்டு பேரு தண்ணி பாய்ச்சறீங்க” என்றார். நம் பாஷையில் சொன்னதால் உடனே புரிந்தது.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 அடி என்றால் போக வர 600 அடிச் செம்பு. அந்த ஒல்லி வயரில் தடை சுமார் மூன்றரை ஓம். கணினியும் திரையும் இழுப்பது ஒரு ஆம்பியர் அளவுதான். அதனால் குறைவது மூன்றரை வோல்ட், அது ஒன்றுமே இல்லை. ஆனால் மோட்டார் புறப்படும்போது ஓடும்போது இழுப்பதைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். 25 ஆம்பியர் என்று வைத்தால்கூட வயரிலேயே 87 வோல்ட் போகிறது. சாயங்காலம் எங்கள் பக்கம் வீட்டிலேயே 200 வோல்ட்தான் வரும். சாளையில் மிஞ்சுவது 113. எந்தக் கணினி தாங்கும்?

ஆக, தூரம் மட்டும் குற்றவாளி இல்லை. மெஷினைக் கட்டுத்தரைக்கு, வீட்டுப் பக்கம் மாற்றி அதற்குத் தனி லைன் போட்டோம். சாளைக்கு 2.5 சதுர மி.மீ. செம்பில் மூன்று கோர் கேபிள், மெயின் போர்டில் அதற்கென்று தனி எம்சிபி. அலுமினியம் மலிவுதான், ஆனால் அதே தடைக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் தடிமன் வேண்டும். எலியும் கொத்து முனையும் படாமல் குழாய்க்குள் விட்டு, இரண்டரை அடி ஆழத்தில் புதைத்தோம். முன்பு மிச்ச வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தேன். அவிழ்த்தபோது உள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சுருட்டிய வயருக்குச் சூடு வெளியேற வழியில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிணற்று மோட்டார் சர்வீசில் இருந்து இழுத்துக்கொள்ளலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். கூடாது. அது பாசனத்துக்காகத் தரும் இலவச மின்சாரம். தவிர, கப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸில் மோட்டார் ஓட்டுகிற ஊர்களில் அந்த லைனின் வோல்டேஜை நம்பவே முடியாது.

மூன்றாவது கோர் எதற்கு? எர்த்துக்கு. பழைய இரண்டு வயர் லைனில் பேத்தி கணினிப் பெட்டியைத் தொட்டுவிட்டு “தாத்தா, சுருக்குங்குது” என்றாள். பழுது என்று நினைத்தேன். இல்லை. கணினியின் பவர் சப்ளையில் உள்ள வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் இரும்புப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியில் பாதி வோல்டேஜ் நிற்கும். அந்த அளவு கசிவு சுருக்கென்பதோடு போகும். உள்ளே நிஜமாகவே ஒரு வயர் உரசினால் அப்படிப் போகாது. நியூட்ரலையே எர்த் ஆக முறுக்கி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுக் கரண்டோடு நிற்கும். அந்த வேலையைச் செய்ய விடாதீர்கள்.

எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவது வழக்கம். மண்ணில் உப்பைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. குளியல் தண்ணீர் போகும் ஈர இடத்தில், வாழையிலிருந்து தள்ளி, கரியை மட்டும் போட்டு ஜிஐ குழாயை இறக்கினோம். எலக்ட்ரீஷியனுக்கு அதில் திருப்தி இல்லை. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மாட்டச் சொன்னார், மாட்டினேன். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துகிறேன்.

கரண்ட் நிற்பது தனிக் கதை. 600 விஏ யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, அதாவது 84 வாட் மணி. சேமித்து அணைக்கப் பத்து நிமிஷம் கிடைக்கும். அதில் வேலை பார்க்க முடியாது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் சைன் வேவ் வகையாகப் பார்த்து வாங்கி, பின்பக்கம் உள்ள சுவிட்சை யூபிஎஸ் பக்கம் வையுங்கள். மாறும் இடைவெளி குறையும்.

நண்பர் ஒருவர் வீட்டுக் கூரையில் சோலார் வைத்து, 12 வோல்ட்டையே 150 அடி இழுத்தார். 5 ஆம்பியருக்கு 2.5 மி.மீ. வயரில் மூன்றரை வோல்ட் போய்விடும். 230-ல் அது தூசு, 12-ல் கால்வாசிக்கு மேல். பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒட்டி இருக்கட்டும். தூரத்துக்கு 230 போகட்டும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை மடிக்கணினிதான். அதன் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், பேட்டரி உள்ளேயே இருக்கிறது. நான் பழையதை விட மனமில்லாமல் வைத்திருக்கிறேன். சாயங்காலம் கணக்கை ஒரு பென்டிரைவில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துப்போய்விடுகிறேன். பதினான்கு பேரின் கணக்கில் ஒன்பது பேருடையதைத்தான் நோட்டிலிருந்து திரும்ப எழுத முடிந்தது. மற்ற ஐந்து பேர் நோட்டே வைத்துக்கொள்ளவில்லை, என்னை நம்பி.

இடிக்கு மட்டும் இது எதுவும் போதாது. சித்திரை மாதம் மேற்கே இருட்டினால் போய்ப் பிளக்கைப் பிடுங்கி விடுகிறேன். மாட்டை அவிழ்த்து உள்ளே கட்டும் நேரமும் அதுதான்.