கம்ப்யூட்டருக்கு ஆயுள் எத்தனை?

மணப்பாறை சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்குப் பல் கிடையாது. அது இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மணப்பாறைக்குத் தெற்கே இருக்கிறது, மருங்காபுரி. ஒரு காலத்தில் ஜமீன் இருந்த ஊர். மழையை நம்பி விவசாயம் நடக்கும் பூமி. இந்த வட்டாரத்து வீடுகளிலும் இப்போது கம்ப்யூட்டர் உண்டு.

இலவச லேப்டாப்

தமிழக அரசு 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, பள்ளி மாணவ-மாணவிகளுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பல லட்சம் பிள்ளைகள் அதைப் பெற்றார்கள். பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர்.

அவற்றில் எத்தனையோ, இன்று பரண் மேல் கிடக்கின்றன. "அது செத்துப் போய்விட்டது" என்பார்கள்.

பெரும்பாலும் அது சாகவில்லை! அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு சிறு பொருள்தான் கெட்டிருக்கும்.

பொதுவாக, ஒரு லேப்டாப் 4 அல்லது 5 ஆண்டு நன்றாக உழைக்கும். கவனமாக வைத்துக்கொண்டால் 10 ஆண்டும் உழைக்கும். வாங்கிய புதிதில் சில கெட்டுப்போகும். அது செய்யும்போதே இருந்த குறை. அந்தக் கண்டம் தாண்டினால் சில ஆண்டு தொல்லை இராது. பிறகு முதுமை வரும்.

எது முதலில் போகும்?

இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. அசையும் பொருள் தேயும். ரசாயனம் உள்ள பொருள் வற்றும்.

கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கும் சில்லு அசைவதில்லை. ஆகவே, அது எளிதில் கெடுவதில்லை. ஆனால், அதன் அருகே சுற்றும் சிறு விசிறி அசைகிறது. அதுதான் மூளையின் சூட்டைத் தணிக்கிறது.

கோடையில் திருச்சி வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். செம்மண் தூசி வேறு. அந்தத் தூசி விசிறியில் போய் அடைத்துக்கொள்ளும். காற்று போகாது. மூளை கொதிக்கும். 100 டிகிரியை நெருங்கினால், தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

"பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. தூக்கிப் போடவேண்டியதுதான்" என்று நாம் நினைப்போம். தூசியைத் தட்டி, காய்ந்துபோன பசையை மாற்றினால், பல லேப்டாப்புகள் மறுபடியும் ஓடும்!

மெத்தை மேலும் தலையணை மேலும் லேப்டாப்பை வைக்கக் கூடாது. அது மூக்கைப் பொத்துவது போல ஆகும்.

பாட்டரியும் கண்டன்சரும்

பாட்டரிக்குள் ரசாயனம் இருக்கிறது. சுமார் 300 முதல் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்கினால், அதன் பலம் குறையத் தொடங்கும். சூடு பட்டால், இன்னும் சீக்கிரம் குறையும்.

பாட்டரி உப்பியிருந்தால், உடனே கழற்றச் சொல்லுங்கள். குத்தவோ, நசுக்கவோ கூடாது. தீப்பிடிக்கும்!

வீட்டு மின்விசிறியில் கண்டன்சர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குள்ளும் கண்டன்சர்கள் உண்டு. சிலவற்றுக்குள் திரவம் இருக்கும். சூடு 10 டிகிரி ஏறினால், அவற்றின் ஆயுள் பாதியாகும். 2000-ம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகள், உலகம் முழுவதும் ஏராளமான கம்ப்யூட்டர்களில் கண்டன்சர்கள் உப்பி வெடித்தன. உள்ளே இருந்த திரவம் சரியில்லாததே காரணம்.

தேதியும் நேரமும் தானாகப் பின்னுக்குப் போகிறதா? பயப்பட வேண்டாம். காசு போல இருக்கும் சிறு பாட்டரி தீர்ந்திருக்கும். புதிதாக ஒன்று போட்டால் போதும்.

எச்சரிக்காமல் போகும்

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஹார்டு டிஸ்க். கல்யாணப் படம், மார்க் ஷீட், கணக்கு வழக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பழைய லேப்டாப்பில் அது நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும். அதைப் படிக்கும் முனை, தகட்டைத் தொடாமல் மிதக்கும். இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஓடும்போது கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

2007-ம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தார், 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். கெட்டுப்போனவற்றில் பல, முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டவில்லை.

இப்போது வரும் சுற்றாத டிஸ்க், விழுந்தாலும் தாங்கும். ஆனால், அதுவும் ஒருநாள் திடீரென்று போகலாம்.

வானத்தில் ஓர் அதிசயம்

1977-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, அமெரிக்கா "வாயேஜர்-1" என்ற விண்கலத்தை அனுப்பியது. அதில் உள்ள கம்ப்யூட்டர்கள் சுமார் 50 ஆண்டு பழமையானவை. 2023 நவம்பரில் அது உளறத் தொடங்கியது. பழுதானது ஒரே ஒரு சில்லு! விஞ்ஞானிகள் பூமியில் இருந்தபடியே, அந்தச் சில்லில் இருந்த வேலையை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். 2024 ஏப்ரலில் அது மறுபடியும் சரியாகப் பேசியது. அப்போது அது சுமார் 2,400 கோடி கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தது!

அங்கே தூசி இல்லை, எறும்பு இல்லை, கரண்டு ஏறி இறங்குவதும் இல்லை. முக்கிய கம்ப்யூட்டர்களை இரட்டையாக வைத்து அனுப்பியிருந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

நம் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் வைக்க முடியாது. ஆனால், படங்களையும் சான்றிதழ்களையும் இரண்டு இடத்தில் வைக்கலாம். பென் டிரைவில் ஒரு நகல். வேறிடத்தில் இன்னொரு நகல். அவ்வளவுதான்.

இடி, மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தூசி தட்டச் சொல்லுங்கள். கெட்டுப்போனால், எந்தப் பொருள் போயிற்று, அதன் விலை என்ன என்று கேளுங்கள். விசிறி, பாட்டரி, டிஸ்க் என்றால் மாற்றிவிடலாம். மதர்போர்டு போயிருந்தால், செலவைக் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பரண் மேல் கிடக்கும் லேப்டாப்பை, இன்றே கீழே இறக்குங்கள். பாட்டரி உப்பாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போங்கள். அது ஓடாவிட்டாலும், அதில் இருக்கும் பழைய படங்கள் உயிரோடு இருக்கலாம்!