சுவருக்கு எந்த வண்ணம்?

தீபாவளி இரவில் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பாக ஒரு பூ விரிகிறது. அது மறைவதற்குள் மஞ்சளாக இன்னொன்று. இரண்டு மூன்று வினாடிகளில் எல்லாம் புகையாகிவிடுகின்றன. இப்படி நாடெங்கும் வானில் விரியும் வண்ணங்களில் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களிலிருந்து போனவைதான்.

தீபாவளி முடிந்து பொங்கல் நெருங்கும்போது அதே வட்டாரத்து வீடுகளில் வேறொரு பேச்சு தொடங்கும். “இந்த வருஷம் வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம்?” அக்கா, “இலைப் பச்சை அடிப்போம், குளிர்ச்சியாக இருக்கும்” என்பாள். தம்பிக்கு மயில் நீலம் வேண்டும். தாத்தாவோ, “சுண்ணாம்பு அடித்தால் போதாதா?” என்று கேட்பார்.

இயற்கையைப் பார்த்து வண்ணம் தேர்ந்தெடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் இயற்கை தன் வண்ணங்களையெல்லாம் ஒரே முறையில் உண்டாக்குவதில்லை. அவற்றுள் எது சுவரில் தங்கும், எது வீட்டைச் சூடாக்காது, எது உடம்புக்குத் தீங்கு செய்யாது என்பதை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

வாணத்தின் சிவப்பும் காவியின் சிவப்பும்

வாணத்தில் சிவப்பு நிறம் தருவது ஸ்ட்ரான்சியம் என்னும் உலோகத்தின் உப்பு. ஆனால் அந்த உப்பு பார்வைக்கு வெறும் வெள்ளைத் தூள். அதைச் சுவரில் பூசினால் சிவப்பு வராது. எரியும்போது கிடைக்கும் மிகுந்த வெப்பத்தால்தான் அது சிவப்பு ஒளியை வெளிவிடுகிறது. அடுப்பில் சோற்றுப்பானை பொங்கி வழியும்போது நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாவதைக் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? அது உப்பிலுள்ள சோடியத்தின் வேலை. செம்பின் உப்புகள் நீல ஒளி தரும். பேரியம் உப்பு பச்சை ஒளி தரும். ஆனால் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு தடை செய்துவிட்டது.

வாணம் ஒளியைக் கொடுக்கிறது. சுவரின் வண்ணமோ ஒளியை விழுங்குகிறது. காவி பூசிய சுவரின்மீது வெள்ளை ஒளி விழுகிறது. அதிலுள்ள நீலத்தையும் பச்சையையும் காவி விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது.

அப்படியானால் விழுங்கிய ஒளி எங்கே போயிற்று? வெப்பமாக மாறிச் சுவரிலேயே தங்கிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது தேவைப்படும்.

இலையைச் சுவரில் பூச முடியுமா?

இப்போது அக்காவின் இலைப் பச்சைக்கு வருவோம். ஒரு வேப்பிலையைப் பறித்து வெயிலில் போடுங்கள். சில நாட்களில் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும். இலையின் பச்சையம் ஒளியால் சிதைந்துகொண்டே இருக்கிறது. மரத்தில் இருக்கும் இலை புதிது புதிதாகப் பச்சையத்தை உண்டாக்கிக்கொள்வதால் நமக்கு அது தெரிவதில்லை. சுவர் அப்படிச் செய்யாது.

இலை குளிர்ச்சியாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. இலை அவற்றில் பெரும்பங்கை விழுங்காமல் விட்டுவிடுகிறது. மேலும் இலைத் துளைகள் வழியே நீரை ஆவியாக்கியும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பச்சைப் பெயின்ட் நீரை ஆவியாக்குமா? ஆகவே இலையின் நிறத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் இலையின் குளிர்ச்சி கூடவே வந்துவிடாது.

தம்பி கேட்ட மயில் நீலம் இன்னும் வேடிக்கையானது. மயில் தோகையில் நீலச் சாயமே கிடையாது. இறகினுள் இருக்கும் மிக நுண்ணிய அடுக்குகள் ஒளியலைகளைப் பிரித்து நீலமாகவும் பச்சையாகவும் காட்டுகின்றன. இறகைப் பொடியாக அரைத்தால் அடுக்குகள் சிதைந்து கரும்பழுப்புத் தூள்தான் மிஞ்சும். ராஜபாளையத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை நீலமாகத் தெரிகிறது. அதுவும் சாயமன்று, இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதன் விளைவு.

பழைய காலண்டர் சொல்லும் செய்தி

வெயில் வண்ணத்தை என்ன செய்யும் என்பதைக் காணத் தேநீர்க் கடைக்குப் போனால் போதும். வெயில் படும் இடத்தில் தொங்கும் பழைய சிவகாசிக் காலண்டரைப் பாருங்கள். படத்திலுள்ள முகம், பூ, பட்டுப்புடைவை எல்லாமே வெளிறி, நீலம் பாரித்திருக்கும்.

வண்ணப் படங்கள் மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு என்னும் நான்கு மைகளால் அச்சாகின்றன. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மையின் மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக உடைக்கின்றன. வழக்கமான அச்சு மைகளில் மஞ்சளும், செந்நிறமான மெஜந்தாவும் முதலில் தோற்கின்றன. நீலநிறமான சயானும் கரியால் ஆன கறுப்பும் அதிக நாள் தாங்குகின்றன. எனவே படம் நீலமாகிவிடுகிறது.

வீட்டு மஞ்சளும் இப்படித்தான். துணியில் பட்ட மஞ்சள் கறை சோப்புக்கு மசியாது. ஆனால் வெயிலில் காயப்போட்டால் மறைந்துவிடும். பூவும் மஞ்சளும் தரும் வண்ணங்கள் அழகானவை. ஆனால் வெளிச்சுவரில் அவை நிலைக்கா.

மண் நடத்திய சோதனை

பிறகு எந்த வண்ணம்தான் நிலைக்கும்? பல்லாயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறம் மாறாமல் இருப்பது எது என்று பாருங்கள். உங்கள் காலடியிலேயே இருக்கிறது: மண்ணும் கல்லும்.

செம்மண்ணின் சிவப்புக்கும் காவியின் சிவப்புக்கும் காரணம் இரும்பு ஆக்சைடு. இரும்பு ஏற்கெனவே ஆக்சிஜனுடன் சேர்ந்துவிட்டது. இனி வெயில் அதைச் சிதைப்பதற்கு அதிகம் இல்லை. மஞ்சள் காவி என்பதும் இரும்புச் சேர்மமே. அதில் நீரின் கூறு சேர்ந்திருக்கிறது. அதைச் சூடாக்கினால் நீர் வெளியேறி மஞ்சள் காவி சிவப்புக் காவியாகிவிடும். சூளையில் செங்கல் சிவப்பதிலும் இரும்பின் பங்கு உண்டு.

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் குகைக்கோயிலில் கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குள ஓவியம் இருக்கிறது. சுண்ணாம்பு வெள்ளை, கரியின் கறுப்பு, காவியின் மஞ்சளும் சிவப்பும் அதில் இன்றும் தெரிகின்றன. ஓவியத்தின் சில பகுதிகள் உதிர்ந்துவிட்டன. ஆனால் எஞ்சிய இடங்களில் வண்ணம் வண்ணமாகவே நிற்கிறது.

தாத்தாவின் சுண்ணாம்பும் மண் தந்ததே. விருதுநகர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. ஆலங்குளத்திலும் ஆர்.ஆர். நகரிலும் சிமென்ட் ஆலைகள் அமைந்தது இதனால்தான். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் அடித்தபின் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. வெள்ளையடித்த சுவர் என்பது மெல்லிய கற்போர்வை போர்த்திய சுவர்தான்!

சுண்ணாம்பில் சிறிது நீலம் கலப்பார்கள். அது அல்ட்ராமரின் என்னும் நிறமி. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான மலைகளில் கிடைத்த விலையுயர்ந்த நீலக்கல்லை அரைத்து அதைப் பெற்றார்கள். பிரான்சைச் சேர்ந்த கிமே என்பவர் அதைத் தொழிற்சாலையில் செய்யும் வழியைக் கண்டு 1828இல் பரிசு பெற்றார். சுண்ணாம்பு கடுமையான காரப்பொருள். பிரஷ்யன் நீலம் என்னும் வேறொரு நிறமியைச் சுண்ணாம்பில் கலந்தால் பழுப்பாகிவிடும். அல்ட்ராமரின் காரத்தைத் தாங்கும். எந்த நிறமியையும் எதனுடனும் கலந்துவிட முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தலைக்கு மேல் ஐந்து இஸ்திரிப் பெட்டிகள்

விழுங்கப்பட்ட ஒளி வெப்பமாகிறது என்று பார்த்தோம். இந்தக் கரிசல் காட்டில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியசைத் தொடும். எனவே ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. பத்தடிக்குப் பத்தடி அறையின் தளம் சுமார் 9.3 சதுர மீட்டர். அதன்மேல் விழுவது 9,300 வாட். பழைய சிமென்ட் தளம் சுமார் 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவதாகக் கொண்டால், 6,500 வாட்டை விழுங்குகிறது. நன்கு வெள்ளையடித்த தளம் 70 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பினால், விழுங்குவது 2,800 வாட்தான். வேறுபாடு 3,700 வாட். 750 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஐந்தை மாடியில் கவிழ்த்து வைத்ததற்குச் சமம்!

இந்த வெப்பம் முழுவதும் அறைக்குள் இறங்குவதில்லை. ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோகும். ஆனால் மீதி தளத்தில் சேர்ந்து இரவிலும் இறங்கிக்கொண்டிருக்கும். பகலெல்லாம் ஆலையில் வேலை செய்துவிட்டு வந்து படுப்பவருக்கு அந்த மீதியே தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானது. அழுக்குப் படிந்தால் வெள்ளையின் பயன் குறையும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் கோடைக்கு முன் தளத்துக்கு வெள்ளையடிப்பது நல்லது.

பளிச்சென்ற மஞ்சளின் விலை

மண் வண்ணங்கள் பளிச்சென்று இருப்பதில்லை. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் வேண்டுமென்று பல காலம் காரீயச் சேர்மங்களைப் பயன்படுத்தினார்கள். (பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம், அது வேறு.) லெட் குரோமேட் மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்து பச்சைப் பெயின்ட் செய்தார்கள். இலையைப் போலத் தோன்றும் அந்தப் பச்சைக்குள் காரீயம் ஒளிந்திருந்தது.

காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே அறியப்படவில்லை. வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி செய்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதே 2017இல் பட்டாசிலும் காரீயச் சேர்மங்கள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வானத்து வண்ணத்திலிருந்தும் வீட்டு வண்ணத்திலிருந்தும் ஒரே ஆண்டில் ஒரே நஞ்சு விலக்கப்பட்டது!

ஆனால் பழைய கதவிலும் சன்னலிலும் அடித்த பழைய எனாமல் அப்படியே இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நஞ்சு தூசியாகப் பறக்கும். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். சிறு குழந்தைகள் அருகில் இருக்கக்கூடாது. புதிய பெயின்ட் வாங்கும்போது டப்பாவின்மேல் காரீயம் பற்றிய குறிப்பைப் படித்துப் பாருங்கள்.

ஆகவே…

தளத்துக்கு வெள்ளை. பிற்பகல் வெயிலை வாங்கும் மேற்குச் சுவருக்கும் வெள்ளை அல்லது மிக வெளிரிய வண்ணம். மழையில் சேறு தெறிக்கும் அடிச்சுவருக்குக் காவிக் கரை. கறை தெரியாது, வெளுக்காது. ஒரே சன்னல் உள்ள அறைக்கு வெளிரிய மஞ்சள் காவியோ வெள்ளையோ அடித்தால் வந்த வெளிச்சத்தைச் சுவர் விழுங்கிவிடாது. அக்காவின் இலைப் பச்சையை உள்ளறைச் சுவர் ஒன்றுக்கு அடிக்கலாம். அங்கே வெயில் அதைத் தொடாது. உண்மையான பச்சையின் குளிர்ச்சி வேண்டுமானால் மேற்குப் பக்கம் ஒரு வேப்பங்கன்று நடுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு வெள்ளை அட்டையில் மஞ்சள்தூள் கரைசலால் ஒரு பட்டையும் காவிக் கரைசலால் ஒரு பட்டையும் தீட்டுங்கள். இரண்டிலும் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, மழை படாத, வெயில் படும் இடத்தில் பத்து நாள் வையுங்கள். பிறகு மூடியை எடுத்து ஒப்பிடுங்கள்.

2. ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களில் ஒன்றுக்கு வெள்ளையும் மற்றொன்றுக்குக் கறுப்பும் பூசுங்கள். சம அளவு நீர் ஊற்றி, மூடி, வெயிலில் வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை வெப்பமானியால் அளந்து எழுதுங்கள்.

சுண்ணாம்பை நீங்களே நீற்ற வேண்டாம். கொதித்துத் தெறித்தால் கண்ணைக் கெடுக்கும். பட்டாசு மருந்தைத் தொடவே வேண்டாம். உங்கள் கணக்கேட்டில் எழுதிய எண்களைப் பொங்கலுக்கு முன் வீட்டில் காட்டுங்கள். தாத்தா சொன்னது எதில் சரி, அக்கா சொன்னது எதில் சரி என்று அந்த எண்களே சொல்லிவிடும்.