தொடாதே என்றால் ஏன் தொடுகிறது?

"தொடாதே" என்றதும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடுகிறது இரண்டு வயதுக் குழந்தை. அடம் என்று கடிந்துகொள்கிறோம். அது ஒரு கண்டுபிடிப்பின் பின்விளைவு என்பேன். 1997-இல் உளவியலாளர்கள் பெட்டி ரெப்பகோலியும் அலிசன் காப்னிக்கும் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் பிராக்கோலியை ருசித்து மகிழ்ந்தார், பிஸ்கட்டைக் கடித்து முகம் சுளித்தார், பிறகு "எனக்குக் கொஞ்சம் தா" என்று கை நீட்டினார். 14 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தன. 18 மாதக் குழந்தைகளோ பிராக்கோலியை நீட்டின. அடுத்தவர் ஆசை வேறு என்று அந்த வயதில் பிடிபடத் தொடங்குகிறது. பிடிபட்டதை அம்மாவிடமே சோதித்துப் பார்க்கிறது பிள்ளை.

புரிந்தால் கேட்டு நடக்கலாமே என்பீர்கள். புரிவது வேறு, கையை அடக்குவது வேறு. அடக்கும் வேலையைச் செய்யும் முன்மூளைப் பகுதி முதிர இருபது வயதும் தாண்டும். நான்கைந்து வயதில்தான் ஓரளவு காத்திருக்க வருகிறது. கண்டிப்பே வேண்டாமா? வேண்டும்; அடுப்பருகே உறுதியாகவே தடுக்க வேண்டும், கோபமில்லாமல்.