வெயிலில் இறைத்துத் தொட்டியில் தேக்கலாம்

இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் டார்ச் விளக்கோடு கிணற்றடிக்குப் போய், மோட்டாரைப் போட்டு, விடியும்வரை மடை திருப்பிப் பழகியவர்கள் தமிழ்நாட்டு விவசாயிகள். பாம்புக் கடியும், ஈரக் கையால் ஸ்டார்ட்டரைத் தொட்டு வாங்கிய அதிர்ச்சியும் அதோடு சேர்ந்தவை. இரவில் மற்றவர்களின் தேவை குறைவு, மிஞ்சுவதை வயலுக்கு விடலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் கணக்கு. நிலக்கரி மின்சாரத்தை நம்பியிருந்த காலத்துக்கு அது பொருந்தியது.

இப்போது கணக்கு மாறி வருகிறது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கியது. அதன் பிறகு இன்னும் பல வந்துவிட்டன. காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை வெயில் மின்சாரம் தாராளமாக வருகிறது. வீடுகளில் விளக்கும் விசிறியும் டி.வி.யும் ஓடும் மாலை நேரத்தில் அது இல்லை. அந்தச் சில மணி நேரத்தைச் சமாளிக்கத்தான் செலவு அதிகம். காற்றாலைகளுக்கும் இதே கதைதான். மே முதல் செப்டம்பர்வரை ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் காற்று பலமாக இருக்கும்போது, எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு.

மின்சாரத்தைச் சேமிக்கப் பேட்டரி வேண்டும்; விலை அதிகம். தண்ணீரைச் சேமிக்கத் தொட்டி போதும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்கு 3.7 கிலோவாட் என்று வைத்தால், ஒரு லட்சம் மோட்டார்கள் 370 மெகாவாட். அவை மாலையிலிருந்து நண்பகலுக்கு மாறினால், மாலைப் பாரம் அந்த அளவுக்கு இறங்கும்.

உச்சி வெயிலில் பாய்ச்சினால் ஈரம் ஆவியாகிப் போகுமே என்று விவசாயி கேட்பது நியாயம். அதனால்தான் தொட்டி. நிலத்தின் மேட்டுப் பக்கம் 20 அடி நீளம், 15 அடி அகலம், 6 அடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் சுமார் 50,000 லிட்டர் பிடிக்கும். பகலில் நிரப்பி மாலையில் திறந்துவிட்டால், 5 சென்டிமீட்டர் பாய்ச்சலுக்கு 25 சென்ட் நனையும். காய்கறி, பூச்செடி வைத்திருப்பவருக்கு இது உதவும். நெல்லுக்கு இந்தத் தொட்டி காணாது; பகலில் நேரே வயலுக்கு விடுவதுதான் வழி.

விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால், நேரத்தை மாற்றினால் பில் குறையப் போவதில்லை. லாபம் தூக்கத்திலும் மோட்டாரிலும்தான். கரண்டு வந்த நொடியில் ஆட்டோ ஸ்விட்ச் எல்லா மோட்டாரையும் ஒன்றாகக் கிளப்புகிறது. நேரடி ஸ்டார்ட்டரில் ஓடும் மோட்டார், கிளம்பும்போது வழக்கத்தைப் போல் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் பத்து மோட்டார் இப்படிக் கிளம்பினால் வோல்டேஜ் விழும், பீஸ் போகும், காயில் கருகும். காயில் கட்டும் கூலி எவ்வளவு என்று விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தார் பேசி, ஐந்து நிமிடம் தள்ளித்தள்ளிக் கிளம்பும்படி டைமர் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டு இணைப்பின் நிலை வேறு. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய விதிப்படி, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகு வெயில் நேரக் கட்டணம் வழக்கமானதைவிட 20 சதவீதமாவது குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். விவசாய இணைப்புக்கு இதில் விலக்கு உண்டு. மீட்டர் மாறும்போது கிரைண்டரில் மாவாட்டுவதையும், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதையும், இஸ்திரி போடுவதையும் நண்பகலுக்கு மாற்றினால் பில்லில் தெரியும்.

ஒன்றில் எச்சரிக்கை தேவை. வெயில் இருக்கிறதே என்று மோட்டாரை ஓடவிட்டால் கிணறு தாங்காது. முதலில் ஊற்று எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று நாலு நாள் கயிறு விட்டு அளந்து பார்த்து, அதற்கேற்ற அளவில் தொட்டி கட்ட வேண்டும். தண்ணீர் வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி இல்லாமல் ஆட்டோவில் விட்டுப் போவது கூடாது.