லைசென்சும் விலக்கும்

ஈப்போவுக்குத் தெற்கே, மெங்லெம்புவைத் தாண்டினால், லகாட், புக்கிட் மேரா, பாப்பான், பூசிங் என்னும் ஊர்கள் ஒன்றுக்கொன்று அண்டையாக அமைந்திருக்கின்றன. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தால் வாழ்ந்த இவ்வூர்களில், சுரங்கங்கள் ஓய்ந்த பின்னரும் அவற்றின் எச்சம் ஓயவில்லை. ஈயத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சுவதும், ஆமாங் என்று இங்குள்ளோர் வழங்குவதுமான கனத்த மணலில், இல்மனைட், ஜிர்கான் ஆகியவற்றோடு மோனசைட்டும் கலந்திருக்க, அந்த மோனசைட்டினுள் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் உறைந்திருப்பதால், அது விலைபோகும் சரக்காகவும் அபாயமாகவும் ஒருங்கே இருக்கிறது. இத்தகைய பொருளை ராஜாங்கம் எவ்வாறு ஆள வேண்டும் என்ற கேள்விக்கு, சட்டப் புத்தகங்களைக் காட்டிலும் இவ்வட்டாரத்தின் அனுபவமே தெளிவாக விடை கூறும்.

எந்தத் தொழிலையும் சட்டம் தடுக்கலாம். நிபந்தனைகளோடு லைசென்ஸ் தரலாம். அற்பமானது, தீங்கற்றது என்று கருதி விலக்கியும் விடலாம். தொலைத்தொடர்புத் துறையை ஆளும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டம் இதற்கு நல்ல திருஷ்டாந்தம். கம்பங்களையும் கேபிள்களையும் உடையவரும், அவற்றின் வழியே சேவை நடத்துவோரும் தனி லைசென்ஸோ வகுப்பு லைசென்ஸோ பெறவேண்டும் என்று அது விதிக்க, அதன் கீழ் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விலக்கு ஆணை, இணையத்தில் உள்ளடக்கம் தரும் சேவைகள் முதலியவற்றை அக்கடமையினின்று விடுவித்தது. ஆயினும் அந்த விடுதலை சாசுவதமானதாக இருக்கவில்லை. நாட்டில் 80 லட்சமோ அதற்கு மேலோ பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள் 2025 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் பெற்றாக வேண்டும் என்றாயிற்று. சிறியதாயிருந்தபோது அளித்த விலக்கை, அது பெரியதானபோது மீட்டுக்கொள்வது நியாயமே.

இணையத்தில் தாமதமாக மீட்டுக்கொண்டாலும் பாதகம் சிறிதாயிருக்கலாம், மண்ணில் அப்படியன்று. மிட்சுபிஷி கெமிக்கல், பி.இ.எச். மினரல்ஸ், தாபோங் ஹாஜி முதலியோர் பங்காளிகளாக 1979இல் நிறுவிய ஏசியன் ரேர் எர்த் கம்பெனி, மோனசைட்டிலிருந்து இட்ரியம் முதலிய அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் வேலையை 1982இல் புக்கிட் மேராவில் தொடங்கிற்று. அதன் தோரியக் கழிவைப் புதைப்பதற்குப் பாப்பானில் குழிகள் வெட்டப்பட்டபோது, 1984இல் ஊர் ஜனங்கள் திரண்டு சாலையை மறித்தனர். மறு ஆண்டு ஜனவரியில், கிடங்கைக் கிளேடாங் மலைத்தொடருக்கு மாற்றுவதாகத் துணைப் பிரதமர் மூசா ஹீத்தாம் அறிவித்தார். பிப்ரவரியில் 1984ஆம் ஆண்டு அணுசக்தி லைசென்ஸ் சட்டம் அமலுக்கு வந்தது. அதே மாதத்தில் புக்கிட் மேரா வாசிகள் எண்மர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ஆலை ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழிந்த பின்பே அதை ஆளத்தக்க சட்டம் வந்து சேர்ந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

1985 அக்டோபரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1987இல் புதிய அணுசக்தி லைசென்ஸ் வாரியத்தின் லைசென்ஸைப் பெற்று ஆலை மீண்டும் ஓடியது. நீண்ட விசாரணைக்குப்பின், 1992 ஜூலை 11இல், நீதிபதி பே சுவீ சின் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தார். ஆனால் 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரம் வாரியத்துக்கே உண்டாதலால் ஜனங்கள் அங்கேயே முறையிட்டிருக்க வேண்டும் என்பது அது கூறிய காரணங்களில் ஒன்று. வழக்கில் வென்ற கம்பெனியோ 1994 ஜனவரியில் தானே ஆலையை மூடிவிட்டது. பின்னர் நடந்த துப்புரவுக்கு 10 கோடி அமெரிக்க டாலர் அளவுக்குச் செலவாவதாக 2011இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

பெரிய ஆலையின் கதை இப்படி முடிந்த அதே 1994இல், சிறிய ஆமாங் ஆலைகளுக்கென்று அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஒரு விலக்கு ஆணை பிறந்தது. அட்டவணைக் கழிவுகளைப் பற்றிய 2005ஆம் ஆண்டு விதிகளிலும் இத்தகைய வழி உண்டு. குறிப்பிட்ட ஓர் ஆலையின் கழிவை, விதித்த நிலையங்களில்தான் அழிக்கவேண்டும் என்னும் கட்டாயத்தினின்று விலக்கக் கோரி, சுற்றுச்சூழல் தலைமை இயக்குநருக்கு ஆலைக்காரர் விண்ணப்பிக்கலாம். இவற்றைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. சிறிய பட்டறையின் மீது பெரிய ஆலையின் பாரத்தைச் சுமத்தினால் தொழிலும் நசியும், அதிகாரிகளின் கவனமும் சிதறும்.

ஆனால் விண்ணப்பிப்பவரும் அனுமதிப்பவரும் மட்டுமே அறிந்த விலக்கு, பக்கத்து வீட்டுக்காரன் அறியாமலே அவன் மேல் விழும் தீர்ப்பாகிவிடுகிறது. வாரியத்திடம் முறையிடுக என்று நீதிமன்றம் சொல்லுமானால், அந்த முறையீட்டைக் கேட்கும் கடமை வாரியத்துக்குச் சட்டத்திலேயே விதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு விலக்கையும் ஊர் அறிய வெளியிடுதல், அதற்குக் கால வரம்பு வைத்தல், காலம் முடிந்ததும் மண்ணையும் நீரையும் சோதித்த பின்னரே புதுப்பித்தல் ஆகிய இம்மூன்றும் பெரும் பொருட்செலவைக் கோருவன அல்ல. புக்கிட் மேராவைத் துப்புரவு செய்த செலவோடு ஒப்பிட்டால் அவை அற்பத்திலும் அற்பம்.