நாரோபோட்டில் கழிவறை: மூன்று வழிகள், ஒரு சிக்கல்

இங்கிலாந்தின் கால்வாய்களில் 'நாரோபோட்' என்னும் ஒடுங்கிய படகையே வீடாக்கிக்கொண்டு வாழ்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். படகின் அகலம் ஏறத்தாழ இரண்டு மீட்டர்தான். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் எப்படியோ அதற்குள் அடங்கிவிடும். மலஜலம்தான் பிரச்சினை. குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் கால்வாயில் விடலாம். கழிவறைக் கழிவை விடக் கூடாது.

படகின் அடியில் சில நூறு லிட்டர் கொள்ளும் தொட்டி வைப்பது ஒரு வழி. நிறைந்ததும் படகுத்துறைக்கு ஓட்டிப்போய், கட்டணம் கட்டி, பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கச் செய்ய வேண்டும். வாரக்கணக்கில் கவலை இல்லை. ஆனால் குளிர்காலத்தில் கால்வாய் உறைந்துபோனால் படகு நகராது; தொட்டி மட்டும் நிறைந்துகொண்டே போகும். தொட்டி நாறுவதற்குக் காரணம் காற்றில்லாமை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செழிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதனுடையதுதான். அகலமான காற்றுக்குழாய்களைப் படகின் இருபக்கமும் வைத்தாலே வாடை நன்றாகக் குறையும். வாசனைத் திரவம் வாங்குவதைவிட இதற்குச் செலவிடுவது மேல்.

தொட்டிக்குப் பதிலாகக் கழற்றி எடுக்கக்கூடிய காசெட் பெட்டியும் வைக்கலாம். சுமார் 20 லிட்டர் பிடிக்கும். இருவர் வாழும் படகில் சில நாட்களிலேயே நிறைந்துவிடும் என்பதால் உபரிப் பெட்டிகள் தேவை. நிறைந்த பெட்டி 20 கிலோ கனக்கும். ஆனாலும் கால்வாய் உறைந்த நாளில் அதைத் தள்ளுவண்டியில் வைத்து, கரையோரமாகவே 'எல்சன்' எனப்படும் கழிவு கொட்டும் இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

இப்போது பலரைக் கவர்வது, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் கழிவறை. முன்பக்கம் குடுவை, பின்பக்கம் வாளி. தண்ணீர் ஊற்றவே வேண்டாம். ஒருவர் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். மலம் பெரும்பாலும் கால் கிலோவுக்குள்தான். இரண்டும் கலந்தால் பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி, சிறுநீரிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக வேகமாக உடைக்கிறது. கலக்காமல் வைத்தால் மலம் உலரத் தொடங்கும், வாடையும் குறையும். காவிரிக் கரையில் முசிறியில் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் அமைத்த சூழல் கழிவறைகளும் இதே முறையில் இயங்குபவை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சில வாரம் வாளியில் கிடந்ததால் மலம் உரமாகிவிடாது. உருண்டைப்புழுவின் முட்டைகள் நெடுநாள் தாக்குப்பிடிப்பவை. இரண்டு முதல் இருபது டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் சேமித்துவைக்க வேண்டும் என்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டு நெறிகள். இங்கிலாந்தின் குளிருக்குப் பொருந்தும் கணக்கு இது. அவ்வளவு காலம் வைத்திருக்கப் படகில் இடமேது? பலர் பையில் கட்டிக் கால்வாயோரக் குப்பைத்தொட்டிகளில் போட்டுவந்தார்கள். குப்பை அள்ளும் தொழிலாளர்களின் தலையில் அந்த ஆபத்தைக் கட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. கால்வாய்களை நிர்வகிக்கும் 'கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்' 2021 இறுதியோடு அதற்கு அனுமதி மறுத்துவிட்டது.

ஆகவே, நிலையான படகுத்துறையும் கரையில் உரத்தொட்டி வைக்க அனுமதியும் உள்ளவர்களுக்குப் பிரிக்கும் கழிவறை அருமையான ஏற்பாடு. நிலையான துறை இல்லாதவர்களோ பொதுவாகப் 14 நாட்களுக்குமேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. அவர்களுக்குக் காசெட்டும் இரண்டு உபரிப் பெட்டிகளுமே இன்றைக்குப் பொருத்தமானவை.