குதிரையின் வாய் கல் அல்ல!
இரும்பைக் கடுமையாக்கினால் குதிரை அடங்குமா?

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டு வண்டிப் பந்தயம் என்றால் சாலையின் இரு பக்கமும் ஜனங்கள் கூடிவிடுவார்கள். தேன்சிட்டு, தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று தரம் பிரித்து வண்டிகளை விடுவார்கள்.

நேராக ஓடும்போது மாட்டின் வேகந்தான் பெரிது. எல்லையில் திரும்பும்போது சாரதியின் கைதான் பெரிது. கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் மாடு தலையைத் தூக்கும், நடை குலையும், வண்டி விலகிப் போகும். இதமாகப் பிடித்தவர் வளைந்து திரும்பி முன்னே போய்விடுவார்.

குதிரைக்கும் இதே கணக்குத்தான். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, குதிரைக்குக் கடிவாளம்.

மலையேறும் மட்டக்குதிரை

நம் பக்கத்தில் குதிரை ஏது என்று கேட்காதீர்கள். போடிநாயக்கனூர் மலைகளில் வண்டிச் சாலை எட்டாத ஊர்களும் தோட்டங்களும் உண்டு. காப்பிக்கொட்டையும் மிளகும் அங்கிருந்து குதிரை முதுகில் இறங்குகின்றன. தேர்தல் வேளையில் வாக்குப் பதிவு இயந்திரங்கள் கூடக் குதிரை முதுகில் மலையேறி இருக்கின்றன.

ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அந்தப் பாதையில் குதிரை வலியால் துள்ளினால் என்ன ஆகும்? குதிரையும் போகும், ஒரு குடும்பத்தின் பிழைப்பும் போகும்.

மூன்று பீப்பாய்ப் பந்தயம்

அமெரிக்காவில் ஒரு பந்தயம் உண்டு. திடலில் மூன்று பீப்பாய்களை முக்கோணமாக வைப்பார்கள். குதிரை பாய்ந்து வந்து, மூன்றையும் ஒவ்வொன்றாகச் சுற்றி, வந்த வழியே திரும்ப வேண்டும். பீப்பாய் சாய்ந்தால் தண்டனை. பெரும்பாலும் பெண்களே இதில் சவாரி செய்கிறார்கள். 1948-ல் டெக்சாஸ் மாநிலத்தில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்தார்கள்.

இந்தப் பந்தயத்தில் குதிரை சொன்னபடி திரும்பாவிட்டால், “இன்னும் கடுமையான கடிவாளம் போடு” என்பதுதான் பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. நம் ஊர் வண்டிக் குதிரைக்கும் இதே யோசனையைச் சொல்வார் உண்டு. அங்கேதான் தவறு தொடங்குகிறது.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் அமர்கிறது. அந்த இடத்தில் எலும்பின்மேல் மெல்லிய ஈறு மட்டுமே இருக்கிறது. இரும்பின் அடியில் நாக்கும் நசுங்குகிறது.

குதிரை சண்டை போடும் பிராணி அல்ல. பயந்து ஓடும் பிராணி. வலித்தால் ஓடுவது அதன் பிறவிக் குணம். ஆகவே, நிறுத்துவதற்காகக் கடுமையாக இழுக்க இழுக்க, அது இன்னும் வேகமாக ஓடலாம்.

எத்தனை வகை?

முதல் வகை, இரு பக்கமும் வளையம் உள்ள சாதாரணக் கடிவாளம். கை எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவே வாயில் அழுந்தும்.

இரண்டாவது, கீழே நீண்ட கம்பியும் தாடையின் அடியில் சங்கிலியும் உள்ளது. இது நெம்புகோல் மாதிரி. கீழ்க்கம்பி மேல்கம்பியைப் போல் மூன்று மடங்கு நீளமானால், இழுப்பும் ஏறக்குறைய மூன்று மடங்காகும். முரட்டுக் கையில் இது ஆபத்து.

மூன்றாவது, வாயில் இரும்பே இல்லாத தலைக்கட்டு. மேல்நாட்டில் இதை ஹாக்கமோர் என்பார்கள். இது மூக்குத் தண்டில் அழுத்திச் சைகை காட்டும். வாய் புண்ணான குதிரைக்கும் இளங்குதிரைக்கும் இது இதமானது. ஆனால் ஓர் எச்சரிக்கை! குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. தலைக்கட்டைத் தாழ்வாகப் போட்டால் மூச்சு முட்டும். இதிலும் நீண்ட கம்பி வைத்த வகை உண்டு. அது இரும்புக் கடிவாளத்துக்குச் சளைத்தது அல்ல.

மாற்றுவதற்கு முன்...

முதலில் வாயைப் பாருங்கள். குதிரையின் கடைவாய்ப் பல் தேயத் தேய மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். தேய்வு சமமாக இல்லாவிட்டால் ஓரம் கத்தி போலாகிக் கன்னத்தைக் கிழிக்கும். வருஷம் ஒரு முறை கால்நடை டாக்டரிடம் காட்டி அராவிவிட வேண்டும். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

தலையை உதறுதல், வாயைப் பிளத்தல், நாக்கை வெளியே தள்ளுதல், நுரையில் ரத்தம் - இவை எல்லாம் குதிரையின் முறையீடுகள். அதற்கு வேறு பாஷை கிடையாது.

பிறகு அளவு பாருங்கள். இரும்பு வழவழப்பாக இருக்க வேண்டும். உதட்டை இறுக்கவும் கூடாது; வாயில் ஆடவும் கூடாது. மிக மெல்லிய இரும்பு அறுக்கும். மிகத் தடித்தது சிறிய வாயில் அடங்காது.

புதிய கடிவாளத்தோடு நேரே சாலைக்குப் போகாதீர்கள். வேலி போட்ட இடத்தில் சில நாள் நடை பழக்குங்கள். முதலில் குரல் கொடுங்கள். பிறகு மெல்ல இழுங்கள். குதிரை கேட்டவுடன் வாரைத் தளர்த்திவிடுங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. இழுப்பதைக் காட்டிலும் விடுவதிலேதான் பாடம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

முள் வைத்த கடிவாளம் நம் நாட்டில் குற்றம். 1965-ஆம் வருஷத்து விதிகள், முள்ளோ குமிழோ உள்ள கடிவாளம், தார்க்குச்சி, நுகத்தடி முதலியவற்றைத் தடுக்கின்றன. மட்டக்குதிரை மேல் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது.

இது புதிய ஞானமும் அல்ல. ஏறக்குறைய 2,400 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த கிரேக்கத் தளபதி செனோபன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையை நெருங்கக் கூடாது என்பது அவர் சொன்ன முக்கியமான பாடங்களில் ஒன்று.

ஆகவே, குதிரை சொன்னபடி கேட்கவில்லை என்றால், கடைக்குப் போய்க் கடினமான இரும்பைத் தேடுவதற்கு முன் மூன்று இடங்களைச் சோதியுங்கள்: அதன் வாய், அதன் பழக்கம், நமது கை. பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

பள்ளத்தின் ஓரத்தில் நம்மைக் காப்பாற்றுவது குதிரையின் வாயிலுள்ள இரும்பு அல்ல. அதற்கு நம்மீது உள்ள நம்பிக்கையே!